இரண்டாவது மேஜை

அவளுடைய வேலை சந்தேகப்படுவது. சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் பிரிவில் முதல் மேஜை அவளுடையது. தைத்து முடித்த சட்டை கைக்கு வரும். காலர், தோள், கை, பட்டன், அடிமடிப்பு என்ற வரிசையில் கண் போக வேண்டும். பிறகு உள்பக்கத்தைப் புரட்டி மறுபடியும் அதே வரிசை. குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. பத்தொன்பது வயதில் அந்த மேஜைக்கு வந்தாள். ஒரே வருடத்தில் தையல் வரிசைக்காரர்கள் அவளுக்கு அம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "அம்பு கிளம்பிடுச்சு, இன்னிக்கு யாரு மேல பாயுமோ" என்பார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. குறையா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டாவது மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். தோளைப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் தோளில் குறை தெரியத்தான் செய்யும். இரண்டாவது மேஜைக்காரி தானாகப் பார்த்து, தானாக அதே இடத்தில் விரலை வைத்தால் அது சட்டையின் குறை. வைக்கவில்லையென்றால் முதல் மேஜைக்காரியின் கண்ணில் குறை.

இருபத்து மூன்றாவது வயதில் அவள் ஸ்டிக்கர் சுருளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். முதலில் சுவர் விரிசலில் ஒன்று. அடுத்தது கதவுக் கீல், நிலைக்கண்ணாடி, தண்ணீர்க் குழாய், அப்பாவின் சட்டைப் பை, அம்மாவின் கன்னம். நான்கு நாள் தூங்கவில்லை. எல்லா அம்புகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று ஐந்தாம் நாள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தாள். அதற்குப் பிறகு தினமும் மாத்திரை. வேலைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் காலையில் ஸ்டிக்கர்களை எண்ணிக் கொடுத்தார், சாயங்காலம் மிச்சத்தை எண்ணி வாங்கினார். ஒரு வருடம் அப்படி நடந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவராக அவள் இருந்திருந்தாலும் எண்ணித்தான் கொடுத்திருப்பாள்.

கணவனை அந்தத் தொழிற்சாலையில்தான் பார்த்தாள். சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் அவன் வருவான். லிஃப்ட் மெக்கானிக். சட்டைக் கைமடிப்பில் எப்போதும் கிரீஸ் இருக்கும். விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பான். விசில் நின்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம். கல்யாணப் பேச்சு வந்தபோது அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"டாக்டரை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்?"

"மாசா மாசம்."

"அப்ப எங்க லிஃப்ட்டைவிட உன்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க. அதெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ்தான்."

அவன் அக்கா சிரிக்கவில்லை. தம்பியை வளர்த்தவள் அவள்தான். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள். கல்யாணமான மறுநாளிலிருந்து இவர்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை அலமாரியைத் திறந்து, மாத்திரை அட்டையைப் பார்ப்பாள். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் அதே முகம். "அண்ணி, நான் இன்னிக்கு பிரசன்ட்" என்று இவள் சொல்வாள். "சரி சரி" என்பாள் அவள், சிரிக்காமல்.

மூன்றாம் வருடம் கர்ப்பமானாள். கணவனிடம் சொல்வதற்கு முன்பே டாக்டரிடம் போய், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

"நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. எல்லாரும் முதல்ல பண்ற தப்பு அதான்."

டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார், இன்னொன்றின் அளவைக் குறைத்தார். ஐந்தாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். இவளைப் போன்ற தாய்மார்களைப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த ஆள். பெரிய உடம்பு. நடந்தால் ஷூ கீச்சிடும். நீல ஃபைலைத் திறந்து பத்துக் கேள்வி கேட்பாள். ஒவ்வொரு வாரமும் அதே பத்து. இவள் பதில் சொல்லிக்கொண்டே பேனாவைப் பார்ப்பாள். எந்தப் பதிலுக்குப் பேனா அதிக நேரம் ஓடுகிறது என்பது மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. யாரையாவது சந்தேகப்பட்டதாகச் சொன்னால் அரைப்பக்கம் ஓடியது. தூங்கினேன் என்றால் ஒரு கோடு.

ஏழாம் மாதம் நர்ஸ் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினாள். பிரசவத்துக்குப் பிறகு இவளுக்கு மிகவும் தேவை தூக்கம். தொடர்ந்து ஆறு மணி நேரம். தூக்கம் கெட்டால் பழையது திரும்ப வாய்ப்பு உண்டு.

"நைட்டு நான் பாத்துக்கறேன். நமக்கு இருபத்துநாலு மணி நேர சர்வீஸ் பழக்கம்தானே" என்றான் கணவன்.

"எனக்கு முடியாமப் போச்சுன்னா? குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?" என்று இவள் கேட்டாள்.

"யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. நீங்க தேறுற வரைக்கும் கொஞ்ச நாள் வேற யாராவது பாத்துக்கணும். அவ்வளவுதான்."

"வேற யாரு, நான்தான்" என்றாள் அண்ணி.

பதில் சீக்கிரம் வந்துவிட்டது. கேள்விக்கு முன்பே தயாராக இருந்த பதில் என்று இவளுக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. இவள் மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் படுப்பாள். கணவன் கூடத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வான். காலையில் இவள் எழுந்து வரும்போது பால் பாட்டில்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். "தூங்கினியா?" என்பான். "தூங்கினேன்." அண்ணி வந்து அதையே கேட்பாள். வியாழக்கிழமை நர்ஸ் கேட்பாள். மூன்று பேர் சேர்ந்து அவளுடைய தூக்கத்தைக் காவல் காத்தார்கள். பழையது எதுவும் திரும்பவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த சமயம், துணி ஊறவைக்கப் போனவள் கணவனின் வேலைச் சட்டையை விரித்துப் பார்த்தாள். கைமடிப்பு சுத்தமாக இருந்தது. உள்பக்கத்தைப் புரட்டினாள். அங்கும் சுத்தம். மறுநாள் சட்டையும் அப்படித்தான். அதற்கு மறுநாள் கருவிப் பையைத் திறந்தாள். கிரீஸ் துடைக்கும் துணி அவள் போன வாரம் மடித்து வைத்த நான்கு மடிப்பும் கலையாமல் கிடந்தது. அவன் விசிலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மாலையில் படியேறி வருகிற சத்தம் கேட்கும். ஆனால் மணி அடிக்காது. கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல் நின்றுகொண்டே இருக்கும். ஒருநாள் ஏழு நிமிடம். சமையலறையில் அக்காவும் தம்பியும் தணிந்த குரலில் பேசுவார்கள். இவள் போனால் தண்ணீர் குடிப்பார்கள்.

"இப்ப எந்த பில்டிங்ல வேலை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்த ஆறு மாடி."

"அது போன மாசமே முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"மறுபடி நின்னுடுச்சு." அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "நீ சரியாத் தூங்கறியா?"

அந்தக் கேள்வி அவளை அடித்துப் போட்டது. இனிமேல் எதைக் கேட்டாலும் இதுதான் பதிலாக வரும். வேறொரு பெண் இருக்கலாம். அக்காவோடு சேர்ந்து குழந்தையைக் கொண்டுபோகத் திட்டம் இருக்கலாம். எதுவுமே இல்லாமல் தன் தலைக்குள் அம்புகள் மறுபடி கிளம்பியிருக்கலாம். முதல் இரண்டையும்விட மூன்றாவதுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. எட்டு மணி நேரம் தூங்குகிறாள். சுவரைப் பார்த்தாள். சுவர் சுவராக இருந்தது. ஆனால் அன்றைக்கும் தனக்கு எல்லாம் சரியாக இருந்ததாகத்தானே நினைத்தாள்.

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"அவரு மூணு வாரமா லீவும்மா. உடம்பு சரியில்லன்னு லெட்டர் குடுத்திருக்காரே. வீட்டுல உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து, நிஜமாகவே அப்படி ஒரு குரல் பேசியதா என்று சந்தேகம் வந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். அந்த எண், ஒரு நிமிடம் எட்டு விநாடி என்று இருந்தது. அன்று மாலைக்குள் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவன் கருவிப் பையோடு கிளம்பிய சற்று நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவளும் இறங்கினாள். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி, பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பை. பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போனது. அவன் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடை ஓரமாக நின்று இவள் ஆறு பஸ்களை எண்ணினாள். யாரும் அவனைப் பார்க்க வரவில்லை. அவன் யாருக்கும் காத்திருக்கிறவன் போலவும் இல்லை. குழந்தை சிணுங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குத் திரும்பினாள்.

வேறு பெண் இல்லை. அது தீர்ந்தது. மிச்சம் இரண்டு. அதோடு இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஆறு வாரத்தில், ஆஸ்பத்திரி பெஞ்சில்.

ஆனால் யாரிடம் சொல்வது? அண்ணியிடம் சொன்னால், உன்னால்தான் அவன் லீவு போட்டிருப்பான் என்பாள். நர்ஸிடம் சொன்னால் பேனா ஒரு பக்கம் ஓடும்: கணவரைச் சந்தேகிக்கிறார், கம்பெனிக்குப் போன் செய்கிறார், பின்தொடர்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கிற யாரும் குழந்தையை இவள் கையில் விட மாட்டார்கள். அவளே விடமாட்டாள்.

புதன்கிழமை அண்ணி வந்து தொட்டிலின் நீளத்தைக் கைச்சாணால் அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"சும்மாதான். ரெண்டு நாள் பாப்பாவை எங்க வீட்டுல வச்சுக்கலாமேன்னு பாத்தேன். உனக்கும் ஓய்வா இருக்கும்."

"சும்மா யாரும் தொட்டிலை அளக்க மாட்டாங்க."

"எங்க கதவுல நுழையுமான்னு பாத்தேன். உடனே அம்பு விடாத."

வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் ஷூ கீச்சிட்டது. கணவன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அண்ணி மடியில் குழந்தை. நர்ஸ் ஃபைலைத் திறப்பதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"சிஸ்டர், இதை உங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். இவ செவ்வாக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம ரோட்டுல போய் நின்னிருக்கா. ஒரு மணி நேரம். மருந்துக்கடைக்காரர் சொன்னார். எதுக்கு நின்னான்னு தெரியல."

நர்ஸ் பேனா மூடியைக் கழற்றினாள். "எதுக்குப் போனீங்க?"

கணவன் திரும்பினான். அவன் முகத்தை இவள் பார்த்தாள். இரண்டு வார்த்தை போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் சந்தேகமான சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டுகிற காரியம் அது. அதற்குப் பிறகு எல்லோரும் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், ஒட்டியவளைப் பார்ப்பார்கள். சட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"சொல்றேன் சிஸ்டர். அதுக்கு முன்னாடி, எங்கிட்ட கேக்கற அந்தப் பத்துக் கேள்வியையும் இவர்கிட்ட கேளுங்க."

"இவர்கிட்டயா? இது அம்மாங்களுக்கு உள்ளது."

"ராத்திரியெல்லாம் குழந்தையைப் பாக்கறது இவர்தானே. கேளுங்க."

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்றாள் அண்ணி. "ஆரம்பிச்சுட்டா."

"எதுக்காகக் கேக்கச் சொல்றீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அதை மட்டும்தான் பாப்பீங்க."

நர்ஸ் சிறிது நேரம் இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை. பேனா ஃபைலின் மேல் நின்றது. பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"எனக்கென்ன சிஸ்டர், கர்ப்பமா?" என்று கணவன் சிரித்தான்.

"பிரசவமே முடிஞ்சாச்சு. நான்தான் உங்க பக்கம் வர நாலு மாசம் லேட்டு. உக்காருங்க."

உட்கார்ந்தான்.

"போன வாரத்துல வாய்விட்டுச் சிரிச்சீங்களா?"

"இப்பக்கூட சிரிச்சேனே."

"இது சேராது. இதுக்கு முன்னாடி?"

அவன் யோசித்தான். "ஞாபகம் இல்ல."

"பசிக்குதா?"

"சாப்பிடறேன்."

"பசிக்குதான்னு கேட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். நர்ஸ் அவசரப்படவில்லை. எழுதவுமில்லை.

"தூங்கறீங்களா?"

"பாப்பா முழிச்சா எழுந்துக்கறேன்."

"பாப்பா தூங்கினப்பறம்?"

"பாத்துக்கிட்டு இருப்பேன். மூச்சு வருதான்னு."

"எவ்வளவு நேரம்?"

"வெளிச்சம் வர்ற வரைக்கும்."

"தினமுமா?"

"ம்."

அண்ணி குழந்தையை ஆட்டுவதை நிறுத்தினாள். நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். பத்தாவது கேள்வியை இவளிடம் கேட்கும்போது ஒரு தடவைகூடக் குரல் மாறியதில்லை. இப்போதும் மாறவில்லை.

"உங்க உயிருக்கு நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணிச்சா?"

அவன் கைமடிப்பைத் தடவிக்கொண்டிருந்தான். சுத்தமான கைமடிப்பு.

"பதினாறு வருஷமா மேல நின்னு வேலை பாக்கறேன் சிஸ்டர். கீழ பாத்தா எனக்கு ஒண்ணும் பண்ணாது. போன மாசம் ஒருநாள் பாத்தேன். பயந்துட்டேன்."

"விழுந்துடுவோம்னா?"

"இல்ல. விழுந்துடுவோம்னு இல்ல." குரல் இறங்கிவிட்டது. "அன்னிலேர்ந்து வேலைக்குப் போகல. பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு வந்துடறேன்."

குழந்தை அண்ணியின் புடவை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் அண்ணி.

"ரெண்டு பேரும் இப்படின்னு தெரிஞ்சா நீ பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவக்கா. வேணாம் வேணாம்னு உங்கிட்ட எத்தனை தடவை சொல்றது? தினம் தொட்டிலையே பாத்துக்கிட்டிருக்க."

"இவகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"இவளுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க."

சமையலறையில் பேசிக்கொண்டது இதைத்தானா என்று இவள் நினைத்தாள். நம்பலாமா என்றும் நினைத்தாள். இப்போதைக்கு நம்பலாம்.

நர்ஸ் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக அவனைப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். அதுவரை அவனைத் தனியாக விடக் கூடாது. பிறகு நர்ஸ் அண்ணியிடம் திரும்பினாள்.

"பாப்பா இங்கயேதான் இருக்கும். நீங்க இங்க வந்துடுங்க. ராத்திரி டியூட்டி இனிமே உங்களுது. இவங்க ரெண்டு பேரும் தூங்கணும்."

"ரெண்டு பேருமா?" அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி ஒரு வகுப்பைப் பாத்ததில்ல. யாராவது ஒருத்தர் பிரசன்ட் சொல்லுங்கப்பா." சொல்லும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் பழைய பக்கத்துக்குத் திரும்பினாள். "சரி, இப்ப சொல்லுங்க. பஸ் ஸ்டாப்புக்கு எதுக்குப் போனீங்க?"

"ஆறு பஸ் போச்சு சிஸ்டர். இவர் ஒண்ணுலயும் ஏறல."

"ஏழு" என்றான் கணவன். அவன் தலை நிமிரவில்லை. "நீ மருந்துக்கடைகிட்ட வந்து நிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு போச்சு."

இவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்திருக்கிறான். அந்த ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

தன் தாளில் நர்ஸ் என்ன எழுதுகிறாள் என்று இவள் எட்டிப் பார்த்தாள். ஒரு கோடுதான். எதற்கும் இருக்கட்டும் என்று, ஃபைலை மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கும் ஒரு மாத்திரை அட்டை வந்தது. அலமாரியில் இப்போது இரண்டு. அண்ணி தினமும் இரண்டையும் பார்த்தாள். நர்ஸ் வியாழக்கிழமைகளில் முதலில் ஒருவரிடமும், பிறகு அடுத்த அறையில் மற்றவரிடமும் அதே பத்துக் கேள்விகளைக் கேட்டாள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேட்க இவள் குழாயை மூடிவிட்டு நிற்பாள். ஒன்றும் கேட்காது. தொட்டில் கதவைத் தாண்டி எங்கும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளைக்கு மேலே ஏற வேண்டாம், கீழே ஒர்க்ஷாப்பில் மோட்டார் பிரித்துப் பார்க்கிற வேலை என்றார்கள். முதல் வாரம் முடிந்து துணி ஊறவைக்கப் போனவள், சட்டையின் வலது கைமடிப்பில் கருப்பாக ஒரு கறையைப் பார்த்தாள். ட்யூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள். உள்பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் ஊறியிருந்தது. கருவிப் பையில் ஒரு கிரீஸ் டப்பா இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தபடியே விரலால் எடுத்துத் தடவிக்கொள்ள முடியும்.

கூடத்துக்குப் போனாள். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சட்டையை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவளிடம் நீட்டினாள்.

"என்ன இது?"

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலரைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கைக்கு வந்தாள். கைமடிப்பை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"மோட்டாருக்குள்ள தலையையே விட்டுட்டு வந்திருக்கான் போல. முழங்கை வரைக்கும் தெறிச்சிருக்கு பாரு, புள்ளி புள்ளியா. இதை மத்த துணியோட போட்டுடாத. தனியா ஊறவை."

முழங்கைப் புள்ளிகளை இவள் கவனிக்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். வாளியில் போடுவதற்கு முன் இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் போட்டாள்.